கரிசல் மண்ணில் சீறா பாடிய உமறுப் புலவர்

எல்லாப் புகழும் ஏக இறைவன் அல்லாஹ்வுக்கே. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



கோவில்பட்டிக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது எட்டயபுரம். 1882-ஆம் ஆண்டில் மகாகவி பாரதியார் பிறந்த ஊர் என்று அதனை உலகம் அறியும். பாரதியாருக்குச் சரியாக 240 ஆண்டுகளுக்கு முன்பு, அதாவது 1642-ஆம் ஆண்டில் தோன்றி, அதே ஊரின் அரசவையில் வீற்றிருந்து, அதே ஊரின் மண்ணிலேயே அடங்கியிருக்கும் மற்றொரு பெரும் புலவரை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? அவர்தாம் சீறாப்புராணம் தந்த செந்தமிழ்ச் செல்வர் உமறுப் புலவர் ஆவார்.

பொருள் தேடுவதே வாழ்க்கை என்று ஆகிவிட்ட இக்காலத்தில், மார்க்கத்தின் செய்தியைச் சாமானிய மக்களின் உள்ளத்தில் எவ்வாறு பதியச் செய்வது என்பது ஒவ்வொரு மஹல்லாவிலும் எழும் கேள்வியாகும். இக்கேள்விக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் கரிசல் பூமியிலிருந்து ஒருவர் விடை கூறியிருக்கிறார். ஆகவேதான் அவருடைய வாழ்வை இவ்வாண்டு மலரில் நினைவுகூர்கிறோம்.

பிறப்பும் கல்வியும்

புலவர் பிறந்த ஊர் எட்டயபுரம் என்பர் பலர்; அதனை அடுத்த நாகலாபுரம் என்பாரும் உளர். தந்தையார் செய்கு முதலியார். நறுமணப் பொருள்களை விற்று வாழ்ந்த வணிகக் குடும்பம் அது என்று கூறுவர். எவ்வூரில் பிறந்தாராயினும் புலவர் வளர்ந்ததும் கற்றதும் எட்டயபுரத்தில்தான்.

அக்காலத்தில் எட்டயபுரம் பாளையத்தின் அரண்மனைப் புலவராக விளங்கியவர் கடிகைமுத்துப் புலவர். இந்து சமயத்தைச் சேர்ந்த அப்பெரும் புலவர், முஸ்லிம் சிறுவர் ஒருவரைத் தம் மாணவராக ஏற்று, இலக்கணத்தையும் இலக்கியத்தையும் மறைவின்றிக் கற்றுக் கொடுத்தார். ஆசானிடம் மாணவர் வைத்திருந்த பற்றும் பெரிது. வடபுலத்திலிருந்து வந்த செருக்குமிக்க வித்துவான் ஒருவர் கடிகைமுத்துப் புலவரை வாதுக்கு அழைத்தபோது, பதினாறு வயதே நிரம்பிய உமறு ஆசிரியருக்காக அவையில் நின்று வாதிட்டு வென்றார் என்று ஒரு செய்தி வழிவழியாக வழங்கி வருகிறது. பின்னர், ஆசிரியர் வகித்த அரசவைப் புலவர் பதவி மாணவரையே வந்தடைந்தது.

அரசவையில் இடமும் பரிசிலும் பட்டுப் பொன்னாடையும் புலவருக்குக் குறைவின்றிக் கிடைத்தன. அந்நிலையிலேயே நின்றிருந்தால், குறுநில மன்னர்களைப் பாடி மறைந்த எத்தனையோ புலவர்களுள் ஒருவராக அவரும் மறைந்திருப்பார்.

வள்ளலின் விருப்பம்

கீழக்கரையில் வாழ்ந்த செய்கு அப்துல் காதிர் மரக்காயரைச் சீதக்காதி என்ற பெயரால் தமிழகம் அறியும். கடல் வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டிய அவர், இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருங்கியவராகவும் திகழ்ந்தார். ஈட்டிய பொருளை அவர் எவ்வாறு செலவிட்டார் என்பதற்கு, செத்தும் கொடுத்தவர் என்று மக்கள் அவருக்குச் சூட்டிய பெயரே சான்றாகும்.

அவ்வள்ளலுக்கு நெடுநாளைய ஆசை ஒன்று இருந்தது. இராமகாதையைக் கம்பர் தமிழில் பாடினார். கண்ணகியின் கதையை இளங்கோவடிகள் பாடினார். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாடும் ஒரு பெருங்காப்பியம் தமிழில் இல்லையே என்பதுதான் அது. இஸ்லாமியத் தமிழ் நூல்களே இல்லாத காலம் என்று அதனைக் கூறிவிட முடியாது. 1572-ஆம் ஆண்டில் ஆயிர மசலாவும், 1590-ஆம் ஆண்டில் ஆலிப் புலவரின் மிகுராசு மாலையும் தோன்றியிருந்தன. ஆயினும் நபிகளாரின் வாழ்வைத் தொடக்கம் முதல் விரித்துரைக்கும் நூல் இல்லை. அப்பணிக்கு உரியவர் எட்டயபுரத்து உமறுவே என்று வள்ளல் கண்டார்.

மூடிய கதவும் திறந்த கதவும்

காப்பியம் பாடத் தமிழ்ப் புலமை இருந்தது; ஆனால் நபிகளாரின் வரலாறு அரபு நூல்களில் இருந்தது. எனவே கீழக்கரையில் வாழ்ந்த மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் உரை கேட்டுவரப் புலவர் அனுப்பப்பட்டார். அரபு மொழியில் கவிதைகள் இயற்றிய பேரறிஞர் அப்பா அவர்கள். அரண்மனைப் புலவருக்குரிய ஆடை அணிகளுடன் வந்து நின்றவரைக் கண்டதும், இவரா நபிகளாரின் வரலாற்றைப் பாடுவது என்று ஐயுற்று, உரை தர இசையவில்லை என்று மரபுச் செய்தி கூறுகிறது. புலவர் மனம் வருந்தி இறைவனிடம் இறைஞ்சியதும், பின்னர்க் கனவின் வழியாக இருவர் உள்ளமும் தெளிவுற்றதும், அப்பா அவர்கள் பரங்கிப்பேட்டையில் இருந்த ஆலிம் ஒருவரிடம் புலவரை அனுப்பி உரை பெறச் செய்ததும் அம்மரபில் அடுத்து வரும் செய்திகள்.

கனவுச் செய்தியை எவ்வாறு கொள்வது என்பது அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. ஆனால் இந்நிகழ்ச்சியில் நமக்கு இரு பாடங்கள் உள்ளன. தோற்றத்தை வைத்து, இவரால் தீனுக்கு என்ன பயன் விளையும் என்று எவரையும் ஒதுக்கிவிடலாகாது என்பது ஒன்று. நாவன்மை இருக்கிறது என்பதற்காக, அறிந்தவரிடம் கேளாமல் மார்க்கத்தைப் பேசத் துணியலாகாது என்பது மற்றொன்று. பெரும் புலவரான உமறு, ஆலிம்களின் முன் மாணவராக அமர்ந்து பாடம் கேட்ட பிறகே ஏட்டில் எழுத்தாணியை ஊன்றினார்.

காப்பியம் நிறைவுறுவதற்கு முன்னரே சீதக்காதி வள்ளல் மறைந்தார் என்பர். அந்நிலையில் புலவரைத் தாங்கி நின்றவர் பரங்கிப்பேட்டை வணிகர் அபுல் காசிம் மரக்காயர். சடையப்ப வள்ளலைக் கம்பர் தம் காப்பியத்துள் நினைவுகூர்ந்தது போல, அபுல் காசிமின் கொடைத் திறத்தை உமறுப் புலவர் தம் நூலின் இடையிடையே பாடி நன்றி செலுத்தியுள்ளார்.

மக்கள் அறிந்த வழியில் மக்கள் அறியாத செய்தி

சீறா என்பது வாழ்க்கை வரலாறு எனப் பொருள்படும் சீரத் என்ற அரபுச் சொல்லின் தமிழ் வடிவமாகும். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என்னும் மூன்று காண்டங்கள், 92 படலங்கள், 5027 விருத்தப்பாக்கள் கொண்டது சீறாப்புராணம். நபிகளாரின் பிறப்பும் இளமையும் முதற் காண்டத்திலும், நபித்துவம் பெற்றதும் மக்காவில் பட்ட துன்பங்களும் இரண்டாம் காண்டத்திலும், மதீனா வாழ்வும் போர்களும் மூன்றாம் காண்டத்திலும் அமைந்துள்ளன.

இச்செய்தியைப் புலவர் எவ்வாறு சொன்னார் என்பதுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. தமிழ்க் காப்பிய மரபுப்படி நாட்டு வளத்தையும் நகர வளத்தையும் முதலில் பாடுகிறார். அவருடைய அரபு நாட்டில் மேகம் கடல்நீரை முகந்து மலையில் பொழிகிறது. வெள்ளம் பெருகி வயலில் பாய்கிறது. உழவர் ஏர் பூட்டுகின்றனர். நாற்று நட்டுக் கதிர் அறுக்கின்றனர். பாலைவனத்தில் நெல்வயல் ஏது என்று கேட்போர் உண்டு. புலவர் அதனை அறியாதவர் அல்லர். வானம் பார்த்த மானாவாரி நிலத்தில் வளர்ந்தவர் அவர். மழையே இறைவனின் ரஹ்மத் என்பது கம்பும் சோளமும் பருத்தியும் விதைத்துவிட்டு மேகத்தை நோக்கி நிற்கும் கரிசல் விவசாயிக்கு விளக்கிக் கூறத் தேவையற்ற உண்மை. அருள் நபி தோன்றிய நாட்டை அம்மக்களின் கண்முன் நிறுத்த, அவர்கள் நெஞ்சம் ஏங்கும் பசுமையையே அவர் தீட்டினார் எனலாம்.

அவ்வாறே நபிகளாருக்கும் அன்னை கதீஜா (ரலி) அவர்களுக்கும் நடந்த திருமணத்தைத் தமிழ்நாட்டு மணவிழாவைப் போலப் பாடுகிறார். தீன், ஈமான், கலிமா போன்ற மார்க்கச் சொற்களைத் தமிழ் யாப்பினுள் உறுத்தாமல் அமைக்கிறார். கேட்பவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தவாறே மக்காவின் தெருக்களில் நடக்கிறார். ஆனால் தவ்ஹீதின் செய்தியை எங்கும் அவர் மாற்றிவிடவில்லை.

மானுக்குப் பிணை நின்ற படலத்தை எடுத்துக் கொள்வோம். வேடன் ஒருவன் பிணைமான் ஒன்றைப் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறான். பசியோடு காத்திருக்கும் கன்றுக்குப் பாலூட்டிவிட்டுத் திரும்பி வருவதாக அம்மான் நபிகளாரிடம் முறையிடுகிறது. நபிகளார் தாமே பிணை நின்று அதனை விடுவிக்கச் செய்கிறார்கள். காட்டுக்குச் சென்ற மானை அதன் இனம் தடுக்கிறது; தப்பி வந்த உயிரை மீண்டும் வேடனிடம் கொடுப்பதா என்று கேட்கிறது. நபியைப் பிணையாக நிறுத்திவிட்டு வாக்குத் தவற மாட்டேன் என்று மான் திரும்புகிறது. கன்றும் உடன் வருகிறது. அதனைக் கண்ட வேடன் மனம் மாறிக் கலிமா மொழிகிறான்.

காப்பியத்தில் வரும் இத்தகைய சில நிகழ்ச்சிகளின் ஆதார வலிமை பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சீறாப்புராணம் ஹதீஸ் தொகுப்பும் அன்று. ஃபிக்ஹு நூலும் அன்று. ஆயினும் கடன் வாங்குவோரும் ஜாமீன் நிற்போரும் வாக்குத் தவறுவோரும் நிறைந்த நம் கடைத்தெருவில், வாக்கைக் காப்பது ஈமானின் அடையாளம் என்பதை இந்த மானைவிட எளிதாக யார் உணர்த்த முடியும்? புலவர் எவரையும் கடிந்து திருத்த முற்படவில்லை. அழகிய ஒரு வாழ்வைக் காட்டினார். அதனை நேசிக்கச் செய்தார்.

நிறைவும் தொடர்ச்சியும்

முதுமொழிமாலை முதலிய வேறு நூல்களையும் இயற்றிய உமறுப் புலவர் 1703-ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் மறைந்தார். நபிகளாரின் வாழ்வு முழுவதையும் சீறாப்புராணம் பாடி முடிக்கவில்லை. எஞ்சிய பகுதியைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறா என்னும் பெயரில் 1732-ஆம் ஆண்டில் பாடினார். ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஓலைச்சுவடியிலேயே இருந்த சீறாப்புராணத்தைக் காயல்பட்டினம் புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அவர்கள் தேடித் தொகுத்து 1842-ஆம் ஆண்டில் அச்சேற்றினார்கள். பிற்காலத்தில் கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் அதற்கு உரை வகுத்தார். 2007-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு எட்டயபுரத்தில் புலவருக்கு மணிமண்டபம் அமைத்துச் சிறப்பித்தது.

இத்தொடர்ச்சியில் ஓர் உண்மை புலப்படுகிறது. ஒருவர் பாடினார், ஒருவர் நிறைவு செய்தார், ஒருவர் அச்சிட்டார், ஒருவர் உரை எழுதினார். ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து மக்களுக்கு அச்செய்தி எட்டும்படி ஒரு படி இறக்கிக் கொடுத்தது.

நம் பொறுப்பு

சகோதரர்களே! உமறுவின் தமிழ் அன்று கற்றோர் சொல்லக் கேட்டு மகிழ்ந்த தமிழ். இன்று நம் பிள்ளைகளில் பலருக்கு அது உரையின்றி விளங்காத தமிழ். அந்நூலை அலமாரியில் அடுக்கி வைத்துப் பெருமை கொள்வது மட்டும் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர் செய்ததை நாமும் நம் காலத்திற்கு ஏற்பச் செய்வதே உண்மையான மரியாதை.

தீப்பெட்டித் தொழிலிலும் கடலை மிட்டாய் வணிகத்திலும் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பகல் முழுதும் உழைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு வரும் ஒருவருக்கு, நாம் சொல்லும் செய்தி அவர் வாழ்வோடு பொருந்துகிறதா? எடையில் நேர்மை, கூலியைத் தாமதமின்றித் தருதல், வட்டியிலிருந்து விலகுதல், அண்டை வீட்டாருடன் அன்பு ஆகியவற்றை நபிகளாரின் வாழ்விலிருந்து அவருக்குப் புரியும் சொற்களில் எடுத்துரைக்கிறோமா? மக்தப் மதரஸாவில் ஓதும் சிறுவர்களுக்கு, ஓதலோடு நபிகளாரின் வரலாற்றையும் கதையாகச் சொல்கிறோமா? ரபீஉல் அவ்வல் மாதத்திலேனும் ஒரு படலத்தை எடுத்து, ஆலிம் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் சேர்ந்து விளக்கினால், மாற்றுச் சமயச் சகோதரர்களும் விரும்பி வந்து கேட்பார்கள். ஒரு கடிகைமுத்துப் புலவரின் கைபட்டு வளர்ந்த தமிழ் அல்லவா அது!

செல்வம் படைத்தோர் சிந்திக்கவும் இவ்வரலாற்றில் இடமுண்டு. கீழக்கரையின் மரக்கலங்கள் இன்று இல்லை. அவை ஏற்றிச் சென்ற சரக்குகளின் கணக்கும் எவருக்கும் நினைவில்லை. ஒரு புலவரைத் தாங்கிய பொருள் மட்டும் முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அழியாமல் நிற்கிறது. தீனின் கல்விக்காகச் செலவிடப்படும் பொருள் ஸதக்கத்துல் ஜாரியாவாக நிலைபெறும் என்பதற்கு இதனினும் அருகில், நம் கண்ணெதிரே வேறு சான்று வேண்டுமோ?

வல்ல இறைவன் உமறுப் புலவர் அவர்களின் பணியை ஏற்று அவர்களுக்கு மேலான சுவனத்தை வழங்குவானாக! சத்தியச் செய்தியை அன்போடும் அறிவோடும் எடுத்துரைக்கும் நாவை நமக்கும் நம் சந்ததியினருக்கும் அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.