ரோமில் வெறுங்கால், டோக்கியோவில் தழும்பு: அபேபே பிகிலாவின் நெட்டோட்டம்

மாரத்தான் போட்டிக்கு ஐந்தே வாரம் இருக்கும்போது வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரால் ஓட முடியுமா? ஓடினாலும் 42.195 கிலோமீட்டரைக் கடந்து எல்லைக்கோட்டைத் தொட முடியுமா? 1964ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபேபே பிகிலாவைச் சுற்றி எழுந்த கேள்வி இதுதான். அடுத்த மாதம் டோக்கியோவில் அவர் அதற்குப் பதில் சொன்னார்.

வெறுங்காலில் ஓடி ஒலிம்பிக் தங்கம் வென்றவர் என்றே பலரும் அபேபேயை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் வெறுங்கால் ஓட்டம் அவருடைய வாழ்க்கையில் ஒரு பகுதிதான். அதற்கு முன்னும் பின்னும் இருந்த பயிற்சி, நோய், காயம், தோல்வி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் யாரென்று புரியும்.

மலைநாட்டுச் சிறுவன்

எத்தியோப்பியாவின் ஷேவா பகுதியில் உள்ள ஜாட்டோ கிராமத்தில் 1932ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் தேதி அபேபே பிறந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின் மாரத்தான் ஓட்டம் நடந்ததும் அதே நாளில்தான். பிகிலா என்பது அவருடைய தந்தையின் பெயர். நம்மிடையே உள்ளதுபோல எத்தியோப்பியாவிலும் குடும்பப் பெயர் கிடையாது. சொந்தப் பெயருக்குப் பின்னால் தந்தையின் பெயர் வரும். ஆகவே அவரை அபேபே என்று அழைப்பதே முறை.

ஆடு மாடு மேய்த்து வளர்ந்தவர் அவர். இளைஞரானதும் தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு வந்து, பேரரசர் ஹைலே செலாசியின் மெய்க்காவல் படையில் சிப்பாயாகச் சேர்ந்தார். அங்குதான் சுவீடன் நாட்டுப் பயிற்றுவிப்பாளர் ஒன்னி நிஸ்கானெனின் கண்ணில் பட்டார்.

நிஸ்கானென் அவரை நாள்தோறும் ஓடவைத்ததோடு நிற்கவில்லை. நீண்ட தூர ஓட்டம், மேடு பள்ளங்களில் ஓட்டம், குறைந்த தூரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப ஓடுவது என்று பயிற்சியைப் பிரித்து அமைத்தார். அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. அதை ஈடுகட்ட உடல் கூடுதல் சிவப்பணுக்களை உற்பத்தி செய்யும். அந்த உயரத்தில் பழகிய ஓட்டக்காரர் தாழ்வான ஊருக்கு இறங்கி வரும்போது அதன் பலன் தெரியும். இன்று உலகெங்கும் வீரர்கள் மலைப்பகுதிகளுக்குச் சென்று பயிற்சி செய்வதன் காரணமும் இதுவே.

1960ஆம் ஆண்டு அடிஸ் அபாபாவில் நடந்த தேர்வு ஓட்டத்தில் அபேபே 2 மணி 21 நிமிடம் 23 வினாடியில் ஓடி முடித்தார். ஹெல்சிங்கியில் எமில் ஸட்டோபெக் 1952ல் படைத்த ஒலிம்பிக் சாதனையைவிட அது வேகமானது. அதுவும் மெலிந்த காற்றில் ஓடிய ஓட்டம். ஆனாலும் ரோமுக்கு வந்திறங்கிய அபேபேயை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை.

ரோம்: கொப்புளம் காட்டிய வழி

ரோமில் வாங்கிய புதுக் காலணிகள் காலைக் கடித்தன, கொப்புளங்கள் வந்தன. புதுக் காலணியோடு 42 கிலோமீட்டர் ஓடுவது ஆபத்து என்பது மாரத்தான் ஓடும் எவருக்கும் தெரியும். அபேபே வெறுங்காலில் ஓடிப் பழகியவர், உள்ளங்கால் உரமேறியிருந்தது. எனவே காலணி இல்லாமல் ஓடுவதென்று அவரும் நிஸ்கானெனும் முடிவெடுத்தனர். உலகம் அதை வியப்பாகப் பார்த்தது. அவர்களுக்கோ அது, பயிற்சியில் செய்யாததைப் போட்டி நாளில் செய்வதில்லை என்ற எளிய கணக்கு.

செப்டம்பர் 10ஆம் தேதி மாலை, வெயில் தாழ்ந்த பிறகு ஓட்டம் தொடங்கியது. மொரோக்கோ வீரர் ராடி பென் அப்தெஸலாம்தான் கவனிக்க வேண்டியவர், அவருடைய எண் 26 என்று நிஸ்கானென் சொல்லி அனுப்பியிருந்தார். ராடி அன்று அணிந்திருந்ததோ 185ஆம் எண். பல கிலோமீட்டர் தூரம் தம் பக்கத்திலேயே ஓடிவந்த 185ஆம் எண்காரர்தான் ராடி என்பது தெரியாமல், 26ஆம் எண்ணை முன்னே தேடியபடி அபேபே ஓடினார்.

இருள் சூழ்ந்தபோது பழைய ஆப்பியன் சாலையில் இத்தாலியப் படைவீரர்கள் தீப்பந்தம் ஏந்தி நின்றனர். நகருக்குள் ஓரிடத்தில் அக்சும் கல்தூண் இருந்தது. எத்தியோப்பியாவை ஆக்கிரமித்திருந்த முசோலினியின் படை 1937ல் அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த தூண் அது. அதைக் கடந்ததும் அபேபே வேகத்தைக் கூட்டினார். கான்ஸ்டன்டைன் வளைவை 2 மணி 15 நிமிடம் 16.2 வினாடியில் எட்டினார். ராடி 25 வினாடி பின்தங்கினார். உலகின் ஆகச் சிறந்த நேரத்தை அபேபே ஒரு வினாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் முறியடித்திருந்தார். ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அவரோடு வெறுங்காலில் ஓடிய மற்றோர் எத்தியோப்பியரான அபேபே வக்ஜிரா ஏழாவதாக வந்தார்.

இறக்கமும் ஏற்றமும்

நாடு திரும்பிய மூன்றே மாதத்தில் சோதனை வந்தது. 1960 டிசம்பரில் மெய்க்காவல் படையின் தலைவர்கள் பேரரசருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்து தோற்றனர். அந்தப் படையைச் சேர்ந்த அபேபேயும் பிடித்து விசாரிக்கப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டார்.

1961ல் ஏதென்ஸ், ஒசாகா, கொசீட்சே ஆகிய மூன்று இடங்களிலும் மாரத்தான் வென்றார். ஒசாகா சென்றிருந்தபோது காலணி தயாரிப்பாளர் கிஹாச்சிரோ ஒனிட்சுகா அவரைச் சந்தித்து, தம்முடைய காலணியை அணிந்து ஓடச் சம்மதிக்க வைத்தார். அவருடைய நிறுவனமே பின்னாளில் அசிக்ஸ் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது. வெறுங்காலில்தான் ஓடுவேன் என்ற பிடிவாதம் அபேபேக்கு என்றுமே இருந்ததில்லை.

1963 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானுக்குச் சென்றார். அவரும் சக நாட்டவர் மாமோ வோல்டேயும் தொடக்கம் முதல் மிக வேகமாக முன்னே ஓடினர். கடைசிப் பகுதியில் குளிர்காற்று எதிர்த்து வீசியது, தசைகள் இறுகின. பெல்ஜியத்தின் ஆரெல் வாண்டென்ட்ரீஷே வென்றார். அபேபே ஐந்தாவதாக வந்தார். தொடக்கத்தில் சக்தியை அதிகம் செலவழித்தால் 30 கிலோமீட்டருக்குப் பிறகு உடல் சொன்னபடி கேட்காது. ஒலிம்பிக் வெற்றியாளரும் இதற்கு விலக்கல்ல. அதன் பிறகு 1964 வரை அவர் மாரத்தான் எதிலும் ஓடவில்லை. சொந்த ஊரில் பயிற்சியைத் தொடர்ந்தார்.

டோக்கியோ: தழும்போடு ஓட்டம்

டோக்கியோ ஒலிம்பிக்குக்கான பயிற்சி நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. திடீரென்று வயிற்றுவலி. குடல்வால் அழற்சி என்று கண்டறிந்து, செப்டம்பர் 16ஆம் தேதி அறுவை சிகிச்சை செய்தனர். மாரத்தான் நடக்கவிருந்ததோ அக்டோபர் 21ஆம் தேதி.

மாரத்தான் பயிற்சியில் கடைசி ஐந்து வாரம் முக்கியமானது. மிக நீண்ட ஓட்டங்களை முடித்து, பிறகு தூரத்தைப் படிப்படியாகக் குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுக்கும் காலம் அது. அபேபே அந்தக் காலத்தின் தொடக்கத்தை மருத்துவமனைக் கட்டிலில் கழித்தார். எழுந்து நடமாடத் தொடங்கியதும் மெதுவாக ஓட ஆரம்பித்தார். இழந்த நாள்களை ஈடுகட்ட நேரம் இல்லை. பல மாதங்கள், பல ஆண்டுகள் ஓடிச் சேர்த்த வலிமை மட்டும் உடலில் மிச்சம் இருந்தது.

இந்த முறை காலில் வெள்ளைக் காலுறையும் காலணியும். தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் வேகம் காட்டினார். அபேபே பாஸ்டனில் செய்ததுபோல முன்னே பாயாமல் பின்னால் இருந்து கவனித்தார். பிறகு முன்னே வந்தார். பாதி தூரத்துக்குப் பிறகு அவரை நெருங்க எவரும் இல்லை. நிரம்பி வழிந்த அரங்கத்துக்குள் தனியாக ஓடிவந்து, 2 மணி 12 நிமிடம் 11.2 வினாடியில் முடித்தார். மீண்டும் உலகின் ஆகச் சிறந்த நேரம்.

ஓட்டம் முடிந்ததும் அவர் கீழே விழவில்லை. புல்தரையில் படுத்துக் கால்களை உயர்த்தி உடற்பயிற்சி செய்தார். அரங்கம் ஆர்ப்பரித்தது. இரண்டாவதாக வந்த பிரிட்டனின் பேசில் ஹீட்லி எல்லைக்கோட்டைத் தொடுவதற்கு இன்னும் நான்கு நிமிடம் ஆனது. அடுத்தடுத்த ஒலிம்பிக்கில் மாரத்தான் தங்கத்தைத் தக்கவைத்த முதல் வீரர் அபேபேதான். அதன்பின் கிழக்கு ஜெர்மனியின் வால்டெமார் சியர்பின்ஸ்கியும் கென்யாவின் எலியுட் கிப்சோகேயும் அதைச் செய்தனர்.

அபேபே ஓடிய ரோம், டோக்கியோ, மெக்சிகோ சிட்டி ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் நம் வட்டாரத்தின் டாக்டர் எம். ஜெகதீசனும் ஓடினார். ரோமில் மலாயாவுக்காக ஓடிய அவர், டோக்கியோவில் மலேசியாவைப் பிரதிநிதித்து 200 மீட்டர் ஓட்டத்தின் அரையிறுதிவரை முன்னேறினார்.

மெக்சிகோ: பாதியில் நின்ற ஓட்டம்

1966ல் ஸ்பெயினிலும் தென்கொரியாவிலும் அபேபே வென்றார். 1967ல் ஸ்பெயினின் ஸராவுட்ஸ் நகரில் ஓடும்போது தொடையின் பின்தசையில் காயம் ஏற்பட்டது. அது முழுமையாக ஆறவில்லை. கால் சிகிச்சைக்காக ஜெர்மனிவரை சென்று வந்தார்.

மெக்சிகோ சிட்டியும் அடிஸ் அபாபாபோல உயரமான நகரம். மற்ற நாட்டவர் மூச்சுக்குத் தவிக்கும் இடத்தில் எத்தியோப்பியர்களுக்குச் சொந்த ஊர்போல இருக்கும் என்று எல்லாரும் நினைத்தனர். ஆனால் அபேபேயின் கால் எலும்பில் விரிசல் இருந்தது. ஒரே எலும்பு மீண்டும் மீண்டும் அதிர்ச்சியைத் தாங்கும்போது, ஆறுவதற்கு ஓய்வு கிடைக்காவிட்டால் இப்படி விரிசல் விடும். நெட்டோட்டக்காரர்கள் மிகவும் அஞ்சும் காயங்களில் இதுவும் ஒன்று.

1968 அக்டோபர் 20ஆம் தேதி ஓட்டத்தைத் தொடங்கிய அபேபே, சுமார் 16 கிலோமீட்டர் ஓடியபின் விலகினார். மூன்றாவது தங்கம் என்ற கனவு அங்கே முடிந்தது. ஆனாலும் தங்கம் எத்தியோப்பியாவுக்கே போனது. பாஸ்டனில் அவரோடு தோளோடு தோள் ஓடிய மாமோ வோல்டே 2 மணி 20 நிமிடம் 26 வினாடியில் வென்றார்.

சக்கர நாற்காலியில் புதுப் பயிற்சி

ஐந்து மாதங்களுக்குப் பிறகு, 1969 மார்ச் 22ஆம் தேதி இரவு, அபேபே ஓட்டிச் சென்ற ஃபோக்ஸ்வாகன் கார் கவிழ்ந்தது. மறுநாள் காலையில்தான் அவரை மீட்க முடிந்தது. முதுகுத்தண்டு பலத்த சேதமடைந்திருந்தது.

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைக்கு அவரைக் கொண்டு சென்றனர். முதுகுத்தண்டு காயமடைந்தவர்களை விளையாட்டின் மூலம் மீட்டெடுத்த டாக்டர் லுட்விக் குட்மன் தொடங்கிய சிகிச்சை நிலையம் அங்கே இருந்தது. இன்றைய உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக் அங்கேதான் பிறந்தது. தொடக்கத்தில் கழுத்தைக்கூட அசைக்க முடியாத நிலையில் இருந்த அபேபேக்கு, எட்டு மாதச் சிகிச்சையில் கைகள் திரும்பக் கிடைத்தன. கால்கள் கிடைக்கவில்லை.

கைகளால் என்ன செய்ய முடியுமோ அதற்குப் பயிற்சி தொடங்கினார். 1970ல் ஸ்டோக் மாண்டவில் விளையாட்டுகளில் வில்வித்தையிலும் மேசைப் பந்திலும் பங்கேற்றார். 1971ல் நார்வேயில் பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் கலந்துகொண்டு வென்றார். பனியே பெய்யாத ஊரிலிருந்து வந்தவர், புதிய விளையாட்டை அடிப்படையிலிருந்து கற்றுக்கொண்டார்.

1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டார். சக்கர நாற்காலியில் வந்த அவரைக் கண்டு அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த ஆண்டு மாரத்தான் தங்கம் வென்ற அமெரிக்கரான ஃபிராங்க் ஷார்ட்டர், பதக்கம் பெற்றதும் அபேபேயிடம் சென்று கைகுலுக்கினார்.

1973 அக்டோபர் 25ஆம் தேதி மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் அபேபே காலமானார். அவருக்கு வயது 41. மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் விட்டுச் சென்றார். அடிஸ் அபாபாவில் இராணுவ மரியாதையுடன் நடந்த இறுதிச் சடங்கில் பேரரசரும் பல்லாயிரக்கணக்கான மக்களும் கலந்துகொண்டனர்.

தொடரும் சுவடு

அபேபேக்குப் பின் மாமோ வோல்டே, மிருட்ஸ் யிஃப்டர், ஹைலே கெப்ரசெலாசி, கெனெனிசா பெக்கலே என்று எத்தியோப்பியாவின் நெடுந்தொலைவு ஓட்டப் பரம்பரை நீண்டது. ரோம் வெற்றியின் பொன்விழா ஆண்டான 2010ல் ரோம் மாரத்தானை வென்ற எத்தியோப்பிய வீரர் சிராஜ் கேனா, கடைசிச் சில நூறு மீட்டரில் காலணிகளைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஓடி அவருக்கு மரியாதை செலுத்தினார்.

சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் ஆண்டுதோறும் நடக்கும் மாரத்தான்களுக்காக விடியற்காலையில் எழுந்து ஓடுவோர் பலர். காய்ச்சலிலும் மழையிலும் போன வாரங்களை எண்ணிக் கவலைப்படுவோரும், முழங்கால் வலியால் பெயரைத் திரும்பப் பெற்றவர்களும் அவர்களில் உண்டு. டோக்கியோவில் அபேபே வென்றதற்கு, அறுவை சிகிச்சைக்கு முன்பே செய்து முடித்திருந்த பயிற்சி காரணம். மெக்சிகோவில் அவரிடம் பயிற்சியும் அனுபவமும் இருந்தன; எலும்பு தாங்கவில்லை, நின்றுவிட்டார். மாரத்தான் பயிற்சி அவருக்கு இரண்டையும் கொடுத்தது. இரண்டுக்குப் பிறகும், தம்மால் செய்ய முடிந்த அடுத்த பயிற்சியை அவர் தொடங்கினார்.