பிறர் பண்பாட்டைப் பயின்ற பேரறிஞர் அல்பிரூனி

பல சமயத்தாரும் பல மொழியினரும் அடுத்தடுத்து வாழ்வதனால் மட்டும் ஒரு சமுதாயம் பன்முகப் பண்பாட்டுச் சமுதாயம் ஆகிவிடாது. ஒருவர் மரபை மற்றவர் உள்ளவாறு அறிய முயலும்போதே அப்பெயர் பொருளுடையதாகும். இவ்வுண்மையை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே தம் வாழ்வால் விளக்கிய பெருமகனார் அபூ ரைஹான் அல்பிரூனி ஆவார்.

நடு ஆசியாவின் குவாரிஸ்ம் நாட்டில் 973இல் பிறந்த இவர், வானியல், கணிதம், நிலவியல் முதலிய கலைகளில் துறைபோகியவர். 1017இல் கஜினி மஹ்மூது அந்நாட்டை வென்றபோது, இவரும் கஜினிக்குக் கொண்டு செல்லப்பட்டார். தாம் விரும்பித் தேர்ந்திராத அவ்வாழ்வையே அவர் அறிவுப் பணிக்கு வாயிலாக்கிக்கொண்டார். பஞ்சாபுப் பகுதிக்கு வந்து தங்கி, பண்டிதர்களின் துணைகொண்டு வடமொழி பயின்றார். அப்போது அவர் நாற்பது வயதைக் கடந்திருந்தார். அம்மொழி தமக்கு அரிதாக இருந்ததை அவர் மறைக்கவில்லை. பொருளையும் உழைப்பையும் பாராது ஏடுகளைத் தேடித் தொகுத்தார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் பெயர்த்தார்.

இந்தியா பற்றி 1030ஆம் ஆண்டளவில் அவர் இயற்றிய பெருநூல் 80 அத்தியாயங்களைக் கொண்டது. சமயம், மெய்யியல், வானியல், சட்டம், விழாக்கள் ஆகியன அதில் விரித்துரைக்கப்படுகின்றன. இந்துக்களின் கொள்கைகளை மறுத்துரைப்பது தம் நோக்கமன்று என்று அவர் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்துகிறார். அவர்தம் நூல்களையே சான்றாக்கி, கிரேக்கர் கருத்துகளுடன் ஒப்பிட்டுச் செல்கிறார்.

அது போர்க்காலம் என்பதை நாம் மறத்தலாகாது. மஹ்மூதின் படையெடுப்புகள் நாட்டின் வளத்தை அழித்தன என்றும், மக்கள் உள்ளத்தில் ஆறாத வெறுப்பை விதைத்தன என்றும் அவ்வரசவையைச் சார்ந்திருந்த இவரே எழுதினார். அயலாரிடம் கல்வியைப் பகிர விரும்பாத அக்கால இந்திய அறிஞர்தம் செருக்கையும் சுட்டிக்காட்டினார். அவர்தம் முன்னோர் அத்துணைக் குறுகிய நோக்கினர் அல்லர் என்பதற்கு வராகமிகிரரைச் சான்று காட்டினார். இரு தரப்பையும் ஒரே கோலால் அளந்த இந்நடுநிலைமையே அவர்தம் பெருமை எனலாம்.

1048ஆம் ஆண்டளவில் கஜினியில் மறையும்வரை அவர் தம் மார்க்கத்தில் உறுதியாக நின்றார். பிறர் நெறியைக் கற்றமையால் அவர்தம் நெறி தளரவில்லை. அடுத்த வீட்டாரின் சமயத்தைச் செவிவழிச் செய்தியால் மட்டுமே அறிந்து தீர்ப்புரைக்கும் வழக்கம் நம்மிடையே இன்றும் மறையவில்லை. தீர்ப்புரைப்பதற்குமுன் கற்க வேண்டும் என்பதே அப்பேரறிஞரின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.