செப்புச் சதமும் வில்லியம் ஷெல்டனும்

வில்லியம் ஷெல்டன் 1898இல் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில் பிறந்தவர். மனித உடல்வாகை ஒல்லி, தசைக்கட்டு, உருண்டை என மூன்றாகப் பிரித்து, உடம்பைப் பார்த்தே குணத்தைச் சொல்லலாம் என்று வாதிட்ட உளவியலாளர். அந்தக் கொள்கை இன்று எடுபடுவதில்லை. ஆனால் பழைய காசு சேர்ப்போர் அவரை மறக்க வழியில்லை.

1793 முதல் 1814 வரை அடிக்கப்பட்ட பெரிய செப்புச் சதங்கள் மீதுதான் அவருக்குப் பித்து. அக்காலத்தில் காசடிக்கும் உருக்கு அச்சில் எழுத்தையும் இலக்கத்தையும் கையாலேயே குத்தினார்கள். ஆகவே அச்சுக்கு அச்சு வித்தியாசம். ஒன்றில் ஆண்டிலக்கம் சரிந்திருக்கும். இன்னொன்றில் ஓர் எழுத்து இரண்டு தடவை குத்தப்பட்டு நிழல்போலத் தெரியும். இவற்றையெல்லாம் வகைபிரித்து இலக்கமிட்டு 1949இல் நூலாக்கினார்.

தர அளவுகோலும் அதே நூலில்தான் வந்தது. தேய்ந்துபோய் வகை மட்டும் அடையாளம் தெரியும் காசுக்கு 1. புழக்கத்துக்கே போகாததற்கு 60 முதல். குறையற்றதற்கு 70. ஏன் 100 இல்லை? அது விலைக் கணக்கு. 1 புள்ளிக் காசு ஒரு டொலர் என்றால், அதே வகையில் குறையற்றது 70 டொலர் பெறும் என்பது அவர் கண்ட சந்தை. விலைகள் சில வருடங்களிலேயே எங்கோ போய்விட்டன, இலக்கம் நிலைத்துவிட்டது. தரச்சான்று கொம்பனிகள் இன்றும் 70க்குத்தான் புள்ளி போடுகின்றன. (வீட்டில் பழைய காசு இருந்தால் புளி போட்டு மினுக்காதீர்கள். மினுக்கிய காசுக்கு மதிப்புக் குறைவு.)

1977இல் அவர் இறந்த பிறகுதான் மறுபக்கம் வெளிவந்தது. நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்துக்கு ஜோர்ஜ் கிளாப் என்பவர் தமது சதங்களைக் கொடையாக வழங்கியிருந்தார். ஆராய்ச்சிக்கென அங்கே போய்வந்த ஷெல்டன், நல்ல காசை எடுத்துக்கொண்டு, அதே வகையில் தரம் குறைந்த ஒன்றை அந்த இடத்தில் வைத்துவிட்டிருந்தார். ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கும் மேல்.

கணக்காளர்களுக்கு இது நன்றாக விளங்கும். இருப்பெடுக்கும்போது எண்ணிக்கை குறையாது. வகை இலக்கமும் பொருந்தும். வித்தியாசம் தரத்தில் மட்டும். அந்தத் தரத்துக்கு அளவுகோல் வகுத்தவரே கள்வர் என்றால் யார் சந்தேகப்படுவார்?

காட்டிக்கொடுத்தவை பழைய புகைப்படங்கள். செம்பில் விழுந்த கீறலும் கறையும் கைரேகை மாதிரி. படத்திலிருந்த காசு சங்கத்தின் தட்டில் இல்லை. ஷெல்டன் உயிரோடு இருந்தபோதே விற்றுவிட்ட சேகரிப்பில் இருந்தது. விவகாரம் கலிபோர்னிய நீதிமன்றம் வரை போய், காசுகள் பல சங்கத்துக்குத் திரும்பின. அவற்றை வகைப்படுத்த இன்றும் பாவிப்பது ஷெல்டன் போட்ட இலக்கத்தைத்தான்.