சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்

பெரம்பலூரிலோ அரியலூரிலோ காலை வேளையில் ஒரு மகளிர் பள்ளியின் வாயிலில் நிற்பவர்க்கு, கணக்கும் அறிவியலும் கற்பிக்கும் ஆசிரியைகள் பலர் உள்ளே செல்லுதல் இயல்பான காட்சியாகவே தோன்றும். நூறாண்டுகளுக்கு முன்னர் நிலைமை அவ்வாறன்று. ஆடவர் கற்பிக்கும் பள்ளிக்குப் பருவமெய்திய பெண்ணை அனுப்பப் பெற்றோர் இசையார். பெண்கள் உயர்கல்வி பெறாமையால் ஆசிரியைகளும் தோன்றார். கயிற்றின் இருமுனையும் ஒன்றோடொன்று முடிந்து கிடந்த இச்சிக்கலை அவிழ்க்க முற்பட்டவருள் தலையாயவர் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர்; தாயார் விசாலாட்சி. அக்கால வழக்கப்படி பதினோராம் வயதில் திருமணம் நிகழ்ந்தது. சின்னாளில் கணவன் இறந்தான். இல்லறம் இன்னதென்று அறியாத சிறுமி கைம்பெண் ஆனாள். தலையை மழித்து மூலையில் அமர்த்துக என்றது ஊர். பெற்றோர் அதற்கு உடன்படவில்லை. தந்தையார் தாமே வீட்டில் ஆங்கிலம் கற்பித்துப் பின்னர்ப் பள்ளிக்கும் அனுப்பினார். சுற்றத்தார் பழித்தனர். இளமையிலேயே கணவனை இழந்த சிற்றன்னை வாலாம்பாள் உற்ற துணையாய் நின்றார். 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் அம்மையார் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் அப்பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே.

தாம் உயர்ந்ததோடு அமைந்திருந்தால் அவரை இன்று நினைப்பார் யார்? தம்மைப் போன்ற சிறுமியர் எத்துணையோ இல்லங்களில் சோற்றுக்குப் பிறர் முகம் நோக்கிக் கிடந்தனர். நாட்டிற்கோ ஆசிரியைகள் தேவை. இவ்விரண்டையும் அம்மையார் இணைத்துக் கண்டார். பெண்கள் பள்ளிகளை மேற்பார்த்து வந்த லிஞ்ச் என்னும் அயர்லாந்து மாதும் இக்கருத்துடையவர். 1912இல், எழும்பூரில் தம் வீட்டிலேயே, நான்கு சிறுமியரைக் கொண்டு அம்மையார் விடுதியொன்றைத் தொடங்கினார். சாரதா மகளிர் சங்கமும் அவ்வாண்டிலேயே தோன்றிற்று.

சிறுமியர் பெருகவே இடம் போதவில்லை. பின்னர்க் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் அவர்களுக்கு இருப்பிடமாயிற்று. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்தற்கு வணிகர் எழுப்பிய கட்டடம் அது! பனிக்கட்டி உருகிப்போன மனையில் எழுத்தொலி எழுந்தது. அணித்தே 1914இல் தோன்றியிருந்த இராணி மேரி கல்லூரியில் அவருள் சிலர் மேற்கல்வி பயின்றனர்.

அவ்விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கே உரியதாயிருந்தது. இதனைக் குறையென்றே கூறல் வேண்டும். பழைய ஆசாரங்கள் வழுவா என்று உறுதி கூறினாலன்றிப் பெற்றோர் மகளிரை அனுப்பார் என்பதை உணர்ந்தே அம்மையார் அதற்கு இசைந்தார். 1922இல் லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தோன்றியபோது அவரே அதன் முதல் தலைவர் ஆனார். அங்கே பிற வகுப்புப் பெண்களும் பயின்றனர். அருகிலிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் அவர் பள்ளி அமைத்தார். பயிற்சி முடித்த பெண்கள் ஆசிரியைகளாயினர். முன்னாள் சோற்றுக்குப் பிறர் கையை நோக்கியவர்கள் திங்கள்தோறும் தம் ஊதியத்தைத் தம் கையால் எண்ணி வாங்கினர்.

அரசினர் விடுதியில் இளம் பெண்களுக்கே இடமுண்டு. வயது மிகுந்தவர்க்கு இல்லை. அவர்கள் பொருட்டு 1927இல் சாரதா வித்தியாலயம் நிறுவப்பெற்றது. 1938இல் அது இராமகிருஷ்ண மடத்தாரின் பொறுப்பில் விடப்பட்டது. அரசாங்க ஊழியராதலின் மாதர் இயக்கங்களில் உறுப்பினராக அம்மையார்க்குத் தடையிருந்தது. ஆயினும் குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டம் வேண்டுமென்று, அதனை ஆராய்ந்த குழுவின் முன் சான்று பகர்ந்தார். பதினொன்றில் மணமுடித்து வைக்கப்பட்டவரன்றோ? பதினான்கு வயதிற்குட்பட்ட பெண்ணின் மணத்தைத் தடுக்கும் அச்சட்டம் 1930இல் நடைமுறைக்கு வந்தது.

ஓய்வு பெற்ற பின்னரும் அவர் ஓய்ந்தாரல்லர். சென்னை மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவையில் உறுப்பினராயிருந்தார். 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, உலக வாழ்வை நீத்தார்.