ஸர் ஸி. வி. ராமன் விட்ட உத்தியோகமும் பற்றிய உத்தியோகமும்

கல்வி முடித்த பிள்ளையொருவனுக்கு ஒரே காலத்தில் இரண்டு உத்தியோகங்கள் கிட்டுவது பாக்கியமே. ஆயினும் அந்தப் பாக்கியம் வீட்டிலே பெரிய கலக்கத்தையும் உடன் கொண்டு வருவதை நாம் பல குடும்பங்களிற் கண்டிருக்கிறோம். ஒன்று கைநிறையச் சம்பளம் தருவது. மற்றொன்று சம்பளம் குறைந்ததாயினும் அவன் கற்ற வித்தைக்கும் கருதிய இலட்சியத்துக்கும் ஏற்றது. தகப்பனார் முன்னதைச் சொல்வார். பிள்ளை பின்னதை நாடுவான். தாயார் இருவருக்கும் நடுவே நின்று தவிப்பாள். இத்தகைய தருணத்தில் வெறும் நீதிவாக்கியங்கள் அதிகமாய் உதவுவதில்லை. அதே நிலையில் நின்று, தீர ஆலோசித்து, ஒரு முடிவு செய்து, அம்முடிவோடு வாழ்ந்து காட்டிய பெரியார் ஒருவரின் சரித்திரம் உதவக்கூடும். ஆதலால், ஸர் சந்திரசேகர வேங்கட ராமன் அவர்களின் ஜீவியத்தில் அந்த ஒரு பகுதியை மாத்திரம் நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ராமன் 1888-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 7-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தகப்பனார் சந்திரசேகர ஐயர் உபாத்தியாயர். பின்னர் விசாகப்பட்டினத்திலே கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். தாயார் பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளில் ராமன் இரண்டாமவர். வீட்டில் புஸ்தகங்களுக்குக் குறைவில்லை. பணத்துக்கு அவ்வாறு சொல்ல இயலாது. பிள்ளையின் புத்தி கூர்மையோ சிறு பிராயத்திலேயே வெளிப்பட்டது. 11-ஆம் பிராயத்தில் மெட்ரிகுலேஷன் தேறினார். பின்பு சென்னை இராஜதானிக் கலாசாலையிற் சேர்ந்து 1904-இல் பி. ஏ. பரீட்சையில் முதல்வராய்த் தேறிப் பௌதிகத்தில் தங்கப் பதக்கம் பெற்றார், 1907-இல் எம். ஏ. பட்டமும் பெற்றார். மாணாக்கராய் இருக்கும்போதே, 1906-இல், ஒளியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இங்கிலாந்தில் பேர்பெற்ற விஞ்ஞானப் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. அப்போது அவருக்குப் பிராயம் 18.

இத்தகைய பிள்ளை சாஸ்திர ஆராய்ச்சியிலேயே புகுந்திருக்க வேண்டும் என்று இன்று நாம் எளிதாய்ச் சொல்லிவிடுவோம். அக்காலத்தில் அதற்கு வழி ஏது? ஆராய்ச்சிக்கென்று ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கும் ஸ்தாபனங்கள் இந்நாட்டில் அரியன. மேற்படிப்புக்குச் சீமைக்குச் செல்லலாமென்றால், அத்தேசத்துக் குளிரை அவருடைய மெலிந்த சரீரம் தாங்காதென்று சென்னையில் வைத்திய அதிகாரி கூறிவிட்டார். ஆகவே, தமையனார் சென்ற வழியே தாமும் சென்று, சர்க்கார் நிதி இலாகாவின் போட்டிப் பரீட்சையை 1907-இல் எழுதினார். அதிலும் முதலாவதாகத் தேறினார். அவ்வருஷமே லோகசுந்தரி அம்மையாரை மணந்து, கல்கத்தாவில் உதவிக் கணக்கு அதிகாரியாக உத்தியோகம் ஏற்றார்.

இங்கே வாசகர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ராமன் முதலில் எடுத்துக்கொண்டது சம்பளமுள்ள உத்தியோகத்தையே. அதை நாம் குறை கூறோம். உபாத்தியாயர் வீட்டுப் பிள்ளை, புது மனைவியை உடன் அழைத்து வந்தவர், வேறு வழி திறவாத காலத்தில் கௌரவமான சீவனத்தைப் பற்றிக்கொண்டது விவேகமேயாகும். அவருடைய பெருமை அந்த உத்தியோகத்தை ஏற்றதிலும் இல்லை, வெறுத்ததிலும் இல்லை. அதனுள்ளே இருந்துகொண்டு தம் இலட்சியத்தை அணையாமல் காத்ததிலே இருக்கிறது.

கல்கத்தாவில் பௌபஜார் வீதியில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்றொரு ஸ்தாபனம் இருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் வைத்தியர் 1876-ஆம் வருஷத்தில் பெருமுயற்சியோடு அதை ஸ்தாபித்தார். கட்டிடமும் கருவிகளும் இருந்தன; அவற்றைக் கொண்டு இடைவிடாது ஆராய்வார்தாம் இல்லை. ஸ்தாபகர் 1904-இல் காலமானார். டிராம் வண்டியில் போகும்போது அச்சங்கத்தின் பெயர்ப்பலகை ராமன் கண்ணிற்பட்டது. உள்ளே சென்று விசாரித்தார். ஸ்தாபகரின் குமாரர் அம்ருதலால் சர்க்கார் அவரை மகிழ்ந்து வரவேற்றார். அன்று தொடங்கி ராமன் வாழ்க்கை இரு கூறாயிற்று. விடியற்காலையில் ஆராய்ச்சிசாலை; பகலில் கணக்கு ஆபீஸ்; மாலையில் மீண்டும் ஆராய்ச்சிசாலை, இரவு வெகுநேரம் வரையில். ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லை. 1909-இல் ரங்கூனுக்கும், 1910-இல் நாகபுரிக்கும் மாற்றினார்கள். சென்றவிடத்தில் வீட்டையே ஆராய்ச்சிசாலையாக்கிக்கொண்டார். 1911-இல் கல்கத்தாவுக்குத் திரும்பியதும் பழைய நியமம் தொடர்ந்தது. வீணையின் தந்தி எவ்வாறு அதிர்கிறது, வில்லிழுத்தால் பிடிலின் நாதம் எவ்வாறு பிறக்கிறது என்பன போன்ற விஷயங்களில் அவர் மனம் அந்நாளில் மூழ்கியிருந்தது. இவ்விதம் பத்து வருஷம் சென்றது.

இனி, சோதனை வந்த விதத்தைச் சொல்வோம். தாரகநாத பாலித் என்னும் வங்காள வக்கீல் 1912-இல் கல்கத்தா ஸர்வகலாசாலைக்குப் பெருந்தொகையும் நிலமும் தருமமாக அளித்தார். அதைக்கொண்டு விஞ்ஞானத்துக்கு ஆசிரியப் பதவிகள் ஏற்படுத்த வேண்டுமென்பதும், அவற்றை இந்தியரே வகிக்க வேண்டுமென்பதும் அவர் விதித்த நிபந்தனைகள். ஸர்வகலாசாலையின் உபாத்தியக்ஷகராயிருந்த அசுதோஷ் முகர்ஜி, தகுதியுடையாரைத் தேடிக் கண்டுபிடிப்பதில் நிகரற்றவர். பகலெல்லாம் கணக்கெழுதி இரவெல்லாம் ஆராய்ச்சி செய்யும் தமிழ் இளைஞரை அவர் அறிந்திருந்தார். பௌதிக ஆசிரியப் பதவியை ஏற்கும்படி ராமனை 1914-ஆம் வருஷமளவில் அழைத்தார்.

தராசின் ஒரு தட்டிலே இருந்தது என்ன? சர்க்கார் உத்தியோகம், வருஷந்தோறும் உயரும் சம்பளம், முதுமைக்குப் பென்ஷன், மேலதிகாரிகளின் நன்மதிப்பு, இலாகாவின் உச்சிவரை ஏறிச்செல்லத்தக்க வழி. மற்றத் தட்டிலே இருந்தது என்ன? ஏறக்குறைய பாதிச் சம்பளம். புதிதாய்த் தோன்றிய கலாசாலை. ஒரு தனவந்தரின் தருமத்தால் நிலைபெற்ற பதவி. அதனோடு, முழு நாளையும் விஞ்ஞானத்துக்கே செலவிடும் உரிமை. உலகத்தார் கணக்குப்படி இது நஷ்ட வியாபாரமே.

ராமன் இதை ஒரே நாளில் உணர்ச்சிவேகத்தால் தீர்த்துவிடவில்லை. அப்பதவி ஏற்பவர் அந்நிய நாடு சென்று பயிற்சி பெற்று வரவேண்டுமென்ற எதிர்பார்ப்பு இருந்தது. அதற்கு அவர் இணங்கவில்லை. இந்நாட்டிலே, இந்நாட்டுச் சாலையிலே, தாம் செய்துவந்த வேலையே தமக்குத் தகுதி என்று நின்றார். சீமைப் படிப்பில்லாதவர் எப்படி ஆசிரியராகலாமென்று ஸர்வகலாசாலைச் சபையில் ஆட்சேபித்தவர்களும் உண்டு. அசுதோஷ் முகர்ஜி தளரவில்லை. இந்தியாவை விட்டு வெளியே செல்லுமாறு வற்புறுத்தலாகாது என்ற ஏற்பாட்டின்மேல் ராமன் சர்க்கார் உத்தியோகத்தை இராஜினாமாச் செய்து, 1917-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஆசிரியப் பதவியை ஏற்றார். அழைப்புக்கும் ஏற்புக்கும் இடையே சுமார் மூன்று வருஷங்கள் கழிந்தன என்பதை நம் இளைஞர்கள் நினைவிற் கொள்வார்களாக.

பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தனவே. 1919-இல் அம்ருதலால் சர்க்கார் காலமாகவே, ராமன் விஞ்ஞானச் சங்கத்தின் கௌரவக் காரியதரிசியானார். தேசத்தின் பல பாகங்களினின்றும் மாணாக்கர்கள் அவரை நாடி வந்தார்கள். 1921-இல் ஆக்ஸ்போர்டில் கூடிய ஸர்வகலாசாலைகளின் மகாநாட்டுக்குச் சென்று திரும்பும்போது, கடல்நீரின் நீலநிறம் அவர் சிந்தையைக் கவர்ந்தது. ஆகாயத்தின் நிறம் நீரிலே பிரதிபலிப்பதால் மாத்திரம் அந்நீலம் உண்டாகவில்லை, நீரின் அணுத்திரள்களே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று விளக்கினார். அதுமுதல் ஒளிச் சிதறலே அவர் ஆராய்ச்சியின் உயிராயிற்று. 1924-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார். வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் துணைநிற்க, 1928-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 28-ஆம் தேதி மகத்தானதோர் உண்மையைக் கண்டார். ஒரே நிறமுள்ள ஒளியைத் தெளிந்த திரவத்தின் வழியே செலுத்தினால், சிதறும் ஒளியில் மிகச் சிறிய பகுதி வேறு நிறம் கொண்டு வெளிப்படுகிறது. அந்த மாறுதல் அத்திரவத்தின் அணுத்திரள்கள் அதிரும் விதத்தைக் காட்டிக்கொடுக்கிறது. பொருள்களின் உள்ளமைப்பை அறிய உலகெங்கும் விஞ்ஞானிகள் இன்றும் கையாளும் இம்முறைக்கு ராமன் விளைவு என்று பெயர். 1929-இல் ஸர் பட்டமும், 1930-இல் நோபெல் பரிசும் கிடைத்தன. விஞ்ஞானத்துக்காக நோபெல் பரிசு பெற்ற முதல் ஆசியர் அவரே. 1954-இல் பாரதரத்னா விருது அளிக்கப்பெற்றது. 1987 முதல் பிப்ரவரி 28-ஆம் தேதி தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்பெற்று வருகிறது.

இவ்வளவு கீர்த்தி கிடைத்தபடியால் அவர் முடிவு சரியாயிற்று என்று வாதிப்பது எளிது. நாம் அவ்வாறு வாதிக்கமாட்டோம். 1917-இல் 1928 யார் கண்ணுக்கும் தெரியாது. இராஜினாமாக் கடிதத்திற் கையெழுத்திட்ட நாளுக்கும் அந்தக் கண்டுபிடிப்புக்கும் இடையே பத்து வருஷங்களுக்கு மேற்பட்ட உழைப்புக் கிடந்தது. பரிசு வராமலே போயிருந்தாலும் அம்முடிவு தகுமா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. தகும் என்றே நாம் விடை கூறுவோம். பத்து வருஷம் தம் சொந்த ஓய்வுநேரத்தையெல்லாம் எந்த வேலைக்குக் கூலியின்றி ஈந்தாரோ, அந்த வேலையே அவருடைய வேலை என்பதற்கு வேறு சாக்ஷி வேண்டுவதில்லை. அவர் விட்டது சம்பளத்திற் பாதி. பெற்றது நாளின் முழுமை.

இச்சரித்திரத்தின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. இலட்சியத்தைப் பற்றியவனுக்கு அதன்பின் கஷ்டமே இல்லையென்று நினைப்பது பிசகு. 1933-இல் ராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைமையை ஏற்றார். இந்தியர் ஒருவர் அப்பதவி வகித்தது அதுவே முதல் தடவை. அங்கே நிர்வாகத்தாரோடு மனவேற்றுமைகள் விளைந்து, 1937-இல் தலைமையைத் துறந்தார். ஆசிரியராக மாத்திரம் 1948 வரையில் இருந்தார். பிறகு தம் பெயராலேயே அமைந்த ஆராய்ச்சிக் கழகத்தில் 1970-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 21-ஆம் தேதி சிவபதம் அடையும்வரையில் உழைத்தார். விரும்பிய தொழிலிலும் வழக்கும் பிணக்கும் உண்டு. ஆயினும் அந்தப் பிணக்குகளுக்கிடையே வேலையை நிறுத்தாமல் நடத்தும் பலத்தை விருப்பமே தருகிறது.

அக்குடும்பத்திலேயே இதே வினா மறுபடியும் எழுந்தது. ராமனின் தமையனார் தம் குமாரர் சந்திரசேகர் சர்க்காரின் உயர்ந்த சிவில் உத்தியோகத்திற் புகவேண்டுமென்று விரும்பினார். தாயார் சீதாலக்ஷ்மி அம்மாளோ, பிள்ளை தன் மனம் நாடியதையே செய்யட்டும் என்று ஆதரவு தந்தார். நக்ஷத்திரங்களின் இயல்பை ஆராய்ந்த அச்சந்திரசேகர் 1983-இல் நோபெல் பரிசு பெற்றார்.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு நாம் சொல்லத் துணிவது இதுவே. பிள்ளை குறைந்த சம்பளத்தை நாடினால், முதலில் கோபிக்க வேண்டாம். வீட்டுக் கணக்கைப் பிள்ளையின் முன்னே விரித்து வையுங்கள். தீராத கடனும், மணமாகவேண்டிய சகோதரியும், நோயுற்ற பெற்றோரும் இருப்பின், சம்பளமுள்ள உத்தியோகத்தை ஏற்பதில் இழிவொன்றுமில்லை. ராமனும் அங்ஙனமே தொடங்கினார். ஆனால் அவ்வாறு ஏற்றவன் தன் வித்தையைப் பெட்டியிலிட்டுப் பூட்டிவிடலாகாது. நாள்தோறும் ஒரு நாழிகையாவது அதற்கு ஒதுக்கவேண்டும். அந்த நாழிகை வருஷக்கணக்கில் தவறாமல் நின்றால், ஆசை உண்மையானதென்று தானும் அறிவான், பிறரும் அறிவார்கள். தவறிப்போனால், பெரிய சம்பளத்தை விடாததே நன்றாயிற்று என்று அமைதி கொள்ளலாம். தக்க அழைப்பு வரும் நாளில், நிபந்தனைகளைத் தெளிவாகப் பேசி முடித்துக்கொள்வதும் இலட்சியத்துக்கு விரோதமன்று.

அப்படிப்பட்ட நாளில் வீட்டார் செய்யத்தக்க உதவி ஒன்றுண்டு. பாதிச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது எவ்வாறென்று கூடியமர்ந்து கணக்கிடுவதே அது. வருமானம் குறையும்போது அதன் பாரம் வீட்டிலுள்ள எல்லார்மீதும் விழுகிறது. ஆதலால் முடிவிலும் எல்லாருக்கும் பங்கு இருக்கவேண்டும். அங்ஙனம் கலந்து செய்த முடிவு எதுவாயினும், அதைப் பிற்காலத்திற் குத்திக்காட்டாதிருப்பது பெரியோர் கடமை. நம் குடும்பங்களில் வளரும் பிள்ளைகளுக்கு வருவாயும் வித்தையும் ஒருங்கே பெருகுமாறு இறைவன் அருள்வானாக.