மிருகவதை தடுப்புச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு நடனக் கலைஞர்! யார் இந்த ருக்மிணி தேவி அருண்டேல்?

தாம்பரம், சேலையூர், பல்லாவரம், வேளச்சேரி பக்கம் ரோட்டில் அடிபட்டுக் கிடக்கும் நாயையோ கன்றுக்குட்டியையோ பார்த்தால் பலரும் முதலில் செய்வது, பக்கத்தில் இருக்கும் விலங்குகள் காப்பகத்துக்கு போன் போடுவதுதான். அவர்கள் வந்து தூக்கிட்டுப் போவார்கள், வைத்தியம் பார்ப்பார்கள். யாராவது வேண்டுமென்றே அடித்திருந்தால் போலீஸில் புகாரும் கொடுப்பார்கள்.

எந்தச் சட்டத்தின் கீழ் அந்தப் புகார்? 1960-ம் ஆண்டின் மிருகவதை தடுப்புச் சட்டம். அந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர் வக்கீலும் இல்லை, கால்நடை மருத்துவரும் இல்லை. திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவை வளர்த்தெடுத்த ருக்மிணி தேவி அருண்டேல். பரதநாட்டியம் என்றதும் ஞாபகம் வரும் அதே ருக்மிணி தேவிதான்.

மதுரையில் பிறந்து அடையாறுக்கு...

1904 பிப்ரவரி 29-ல் மதுரையில் பிறந்தார். அப்பா நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறை இன்ஜினீயர், பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். அதனால் குடும்பமே அடையாறு சபை வளாகத்தை ஒட்டி வந்து சேர்ந்தது. 16 வயதில், தன்னைவிட 25 வயது மூத்த ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலைத் திருமணம் செய்துகொண்டார். 1920-ல் மெட்ராஸே இதைப் பேசித் தீர்த்தது.

அடுத்த சர்ச்சை நடனம். தேவதாசி மரபினர் ஆடிவந்த சதிரை, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று, 1935-ல் அடையாறில் மேடையேறினார். 1936-ல் கலாக்ஷேத்ரா. அந்தக் கலையை அதற்குரியவர்களிடமிருந்து எடுத்துவிட்டார் என்ற விமர்சனம் இன்றுவரை இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

ஒரு சின்ன இடைச்செருகல்: 1944-ல் அவர் மேடையேற்றிய நாட்டிய நாடகம் குற்றாலக் குறவஞ்சி. அந்த நூலில் சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கும் பகுதி ரொம்பப் பிரபலம். பின்னாளில் விலங்குகளுக்காகச் சட்டம் கேட்டவர் கையில் முதலில் கிடைத்த கதை அது!

டெல்லியில் என்ன செய்தார்?

1952-ல் மாநிலங்களவைக்கு முதன்முதலாக நியமிக்கப்பட்ட 12 பேரில் ஒரே பெண் இவர்தான். கலைஞர் என்பதால் கிடைத்த பதவி. கலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருந்தாலே போதும். ஆனால் 1953-ல் அவர் கொண்டுவந்தது மிருகவதை தடுப்பு மசோதா.

அப்போது நடைமுறையில் இருந்தது 1890-ம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம். அது முக்கியமாக நகராட்சி எல்லைகளுக்குள்தான் செல்லும். அதில் விலங்கு என்றால் வீட்டில் வளர்ப்பது அல்லது பிடித்து வைத்திருப்பது மட்டும்தான். கிராமத்தில் வண்டிமாட்டை என்ன செய்தாலும் கேட்க வழி குறைவு.

தனிநபர் மசோதாக்கள் நம் நாட்டில் பெரும்பாலும் அப்படியே மறைந்துபோகும். இது மறையவில்லை. அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கொடுக்க, ருக்மிணி தேவி தன் மசோதாவை வாபஸ் வாங்கினார். ஆய்வுக் குழு அமைக்கப்பட்டு, 1960 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. 1962-ல் அதன்படி இந்திய விலங்குகள் நல வாரியம் உருவானது. முதல் தலைவர் அவரே. தலைமையகம் டெல்லியில் இல்லை, சென்னையில்!

சட்டம் என்ன சொல்கிறது?

11-வது பிரிவுதான் முக்கியம். அடிப்பது, அளவுக்கு மீறி பாரம் ஏற்றுவது, திரும்ப முடியாத கூண்டில் அடைப்பது எல்லாம் குற்றம். நாயை நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போடுவதும், வளர்த்த விலங்கை நடுத்தெருவில் விட்டுட்டுப் போவதும்கூட குற்றம்தான். நம்ம ஏரியாவில் பலருக்கு இது தெரியாது.

தண்டனை? முதல் தடவை என்றால் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை அபராதம். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். காலம் மாறியும் தொகை மாறவில்லை. உயர்த்துவதற்கான வரைவை மத்திய அரசு 2022-ல் வெளியிட்டது. அதனால்தான் கொடூரமாகக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவையும் சேர்க்கச் சொல்லிக் காப்பகத்தினர் ஸ்டேஷனில் மல்லுக்கட்டுகிறார்கள். அதில் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. தெரு நாய்களைக் கொல்வதை அதே 11-வது பிரிவு விதிவிலக்காக்கியது. அதாவது, அவர் கேட்டு வாங்கிய சட்டத்துக்குள்ளேயே தெரு நாய்க்கு இடமில்லை. மதச் சடங்குக்காகப் பலியிடுவதும், ஆராய்ச்சிக்கு விலங்குகளைப் பயன்படுத்துவதும் அப்படித்தான் தப்பின. எல்லாத் தரப்பையும் சமாளித்து நிறைவேறிய சட்டம் அது.

அந்த ஓட்டையை அடைக்கும் வேலையும் சென்னையிலேயே தொடங்கியது. கேப்டன் சுந்தரம் என்ற விமானி தொடங்கிய புளூ கிராஸ், நாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று 1960-களிலேயே வாதாடியது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றது 1996-ல்தான். 2001-ல் நாடு முழுமைக்குமான விதிகள் வந்தன: பிடி, கருத்தடை செய், ரேபிஸ் ஊசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. காது நுனியில் வெட்டு இருக்கும் நாய் என்றால் ஆபரேஷன் முடிந்தது என்று அர்த்தம். அந்த விதிகளும் 1960 சட்டத்தின் கீழ் வந்தவைதான். 2023-ல் வந்த புதிய விதிகளின்படி, வாரியத்தின் அங்கீகாரம் இல்லாத அமைப்பு இந்த வேலையைச் செய்ய முடியாது. தாம்பரம் மாநகராட்சியாக இருந்தாலும் சரி, சின்னக் காப்பகமாக இருந்தாலும் சரி.

குடியரசுத் தலைவர் பதவி வேண்டாம்!

1977-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய், குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி ருக்மிணி தேவியைக் கேட்டார். மறுத்துவிட்டார். நீலம் சஞ்சீவ ரெட்டி அந்த இடத்துக்கு வந்தார். ராஷ்டிரபதி பவனை வேண்டாம் என்றவர், சென்னையில் இருந்த அந்த வாரியத்தை மட்டும் விடவில்லை. 1986 பிப்ரவரி 24-ல், 81 வயதில் இறக்கும்வரை அதன் தலைவராகவே இருந்தார்.

அவருக்குப் பிறகும் பல ஆண்டுகள் வாரியம் சென்னையிலேயே இயங்கியது. கடைசியாக இருந்த இடம், கலாக்ஷேத்ரா இருக்கும் அதே திருவான்மியூர். 2018-ல் ஹரியானாவின் பல்லப்கருக்கு மாற்றப்பட்டது. தென் சென்னையில் ஒரு காப்பகம் அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டுமென்றால், இப்போது அங்கேதான் அனுப்ப வேண்டும்.