மார்ட்டின் லூத்தர்: பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எழுந்த கேள்வி



மார்ட்டின் லூத்தர் என்றதும் திருச்சபையைப் பிளந்தவர் என்ற எண்ணமே நம்மில் பலருக்கு வருகிறது. அவர் ஒரு கத்தோலிக்கத் துறவி, குரு என்பதை மறந்துவிடுகிறோம்.

1483 நவம்பர் 10-ஆம் நாள் ஜெர்மனியின் ஐஸ்லேபனில் பிறந்தார். மகன் சட்டம் படிக்க வேண்டும் என்பது தந்தையின் ஆசை. ஆனால் 1505 ஜூலையில் இடிமின்னலுக்கு நடுவே உயிருக்கு அஞ்சிய லூத்தர், துறவியாவதாகப் புனித அன்னம்மாளிடம் நேர்ந்துகொண்டார். அம்மாதமே எர்ஃபுர்ட் நகரில் அகுஸ்தினார் சபை மடத்தில் சேர்ந்தார். 1507-இல் குருப்பட்டம் பெற்றார்.

மடத்திலும் அவருக்கு அமைதி இல்லை. கடவுள் தம்மை மன்னித்தாரா என்ற அச்சம் வாட்டியது. சபைத் தலைவர் ஸ்டௌபிட்சிடம் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்வார். விட்டன்பெர்க்கில் பேராசிரியராகி, புனித பவுலின் திருமுகங்களைக் கற்பித்தபோதுதான் மீட்பு நாம் சம்பாதிப்பதல்ல, இறைவனின் கொடை என்பது அவர் உள்ளத்தில் பதிந்தது.

பாவத்துக்குரிய தண்டனையைத் தீர்க்கும் பேறுபலன்களைத் தொமினிக்கன் துறவி டெட்செல் அப்போது அண்டை ஊர்களில் போதித்து வந்தார். மக்கள் காணிக்கை கொடுத்துப் பலன் சீட்டு வாங்கினர். சீட்டு இருக்க மனமாற்றம் எதற்கு என்று எண்ணினர். பணத்தில் பாதி உரோமைப் புனித பேதுரு பேராலயப் பணிக்கும், மறுபாதி மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் தம் பதவிக்காக வாங்கிய கடனுக்கும் சென்றது. தம் மந்தையின் ஆன்மாக்களைக் குறித்துக் கலங்கிய லூத்தர், 1517 அக்டோபர் 31 அன்று அந்தப் பேராயருக்கே மடல் எழுதி, 95 கருத்துகளையும் அனுப்பினார்.

பேராயர் அவற்றை உரோமைக்கு அனுப்பினார். 1518 அக்டோபரில் ஆக்ஸ்பர்க் நகரில் கர்தினால் கயத்தான் லூத்தரைச் சந்தித்தார். அவர் சிறந்த இறையியலாளர். ஆனால் விவாதிக்க அல்ல, லூத்தரைப் பின்வாங்கச் செய்யவே அவருக்குப் பணிக்கப்பட்டிருந்தது. லூத்தர் பின்வாங்கவில்லை. பேச்சு திருத்தந்தையின் அதிகாரம் பற்றியதாக மாறியது. தொட்டியில் எழுந்த கேள்வி ஒதுங்கிப்போனது.

1520-இல் திருத்தந்தையின் கண்டன ஆணையை லூத்தர் எரித்தார். 1521 ஜனவரி 3-ஆம் நாள் சபைவிலக்கு வந்தது. விவிலியத்தை ஜெர்மன் மக்களின் பேச்சில் தந்த அதே கை, திருத்தந்தையைக் கடுஞ்சொற்களால் வசைபாடியது. உழவர்களையும் யூதர்களையும் பற்றி எழுதியது இன்று லூத்தரன் சபையினரையே வருந்தச் செய்கிறது. 1529-இல் ஷ்பையர் நகரில் அவரது சீர்திருத்தத்தை ஆதரித்த சிற்றரசர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் புராட்டஸ்டண்ட் என்ற பெயரும் பிறந்தது.

திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1545 டிசம்பரில்தான் கூடியது. 28 ஆண்டுகள் கடந்திருந்தன. இரண்டு மாதங்களில், 1546 பிப்ரவரி 18 அன்று, பிறந்த ஊரிலேயே லூத்தர் இறந்தார். பலன் பெயரால் பணம் திரட்டும் பொறுப்பையே அச்சங்கம் 1562-இல் ஒழித்தது. ஆம், லூத்தரின் முதல் கேள்வியில் நியாயம் இருந்தது.

1999 அக்டோபர் 31 அன்று, அதே ஆக்ஸ்பர்க்கில், இறைவனின் அருளாலேயே ஏற்புடையவராகிறோம் என்னும் கூட்டு அறிக்கையில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் கையெழுத்திட்டனர். கயத்தானும் லூத்தரும் பிரிந்து 481 ஆண்டுகளுக்குப் பின்!

அன்பார்ந்தவர்களே, நம் இல்லத்தில், பங்கில், மனம் நொந்து கேள்வி கேட்பவரை எதிரியாகப் பார்க்கிறோமா? கேட்பவர்களான நாமும் அன்போடு கேட்கிறோமா? செவிகொடுக்கும் இதயத்தை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.